வெற்றிலை மாறிய வண்டி

அத்தியாயம் 11

"வெத்தலை வாங்கிட்டேம்மா. இனிமே அது நம்ம வண்டிதான்."

வெள்ளிக்கிழமை அந்தியில் வாசலில் நின்று ராமப்பன் இப்படிச் சொன்னபோது, மகளுக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்டதாகவே நம்பினார். ஜோதிமணி கையிலிருந்த துணிக்கூடையைக் கீழே வைத்தாள். "எந்த வண்டிப்பா? நான் இன்னும் கண்ணால பாக்காத வண்டியா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியோடுதான் சென்ற வாரம் இந்தக் குடும்பத்தை விட்டு வந்தோம்.

நடுவில் ஒரு நாள் கழிந்துவிட்டது. இன்று ஞாயிற்றுக்கிழமை, இருபத்தெட்டாம் தேதி.

ஜோதிமணி ஓசூரில் வாகன உதிரிப்பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். வெளியிலிருந்து வந்து இறங்கும் பாகங்களைப் பார்த்து, தொட்டு, அளந்து, பழுதானவற்றில் சிவப்புச் சீட்டைக் கட்டித் திருப்பி அனுப்புவது ஒன்பது ஆண்டுகளாக அவளுடைய பணி. கெலமங்கலத்திலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பும் கம்பெனிப் பேருந்தில் அவளோடு இன்னும் மூன்று பெண்கள் போய்வருகிறார்கள். நான்கு பெண்களுக்காக ஒரு பேருந்தை இவ்வளவு தூரம் அனுப்புவது கட்டுபடியாகவில்லையாம். ஒன்றாம் தேதி முதல் நிறுத்தப்படும் என்று அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள்.

முதல் ஷிப்டு ஆறு மணிக்குத் தொடங்கும். முதல் டவுன் பஸ் ஓசூர் போய்ச் சேரும்போது ஏழாகிவிடும். மாதத்தில் மூன்று முறை தாமதமானால் ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர் பட்டியலிலிருந்து நீங்கிவிடும்.

ஆகவே கார். புதியது வாங்க வசதியில்லை, பழையதுதான். தோழியர் மூவரும் பெட்ரோலுக்குப் பங்கு தர ஒப்புக்கொண்டார்கள். ஓட்டுநர் உரிமம் ஜோதிமணியின் கைப்பையில் இருக்கிறது.

மத்திகிரியில் அவள் மனத்துக்குப் பிடித்த வண்டி ஒன்றும் இருந்தது. கால்நடைப் பண்ணை அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற தங்கமணி அம்மாளின் வெள்ளைக் கார். வாங்கிய நாள் முதல் அவர் ஒருவரே ஓட்டியது. ஆனால், கடன் அடைந்ததற்கான வங்கிக் கடிதம் வந்து, பதிவுச் சான்றிதழில் வங்கியின் பெயர் நீங்கிய பிறகே சாவியைத் தருவேன் என்று அந்த அம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்கு இருபதாம் தேதியாகிவிடும்.

ஒன்றாம் தேதிக்கும் இருபதாம் தேதிக்கும் நடுவே ஜோதிமணியின் ஒன்பதாண்டு வேலை ஊசலாடிக்கொண்டிருந்தது.

கிடைத்ததை எடுத்துக்கொள்வதா, நல்லதற்குக் காத்திருப்பதா என்று அவள் ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்த வேளையில்தான், அவளைக் கேட்காமலே அப்பா தாம் முன்பு வேலை பார்த்த பெரிய வீட்டுக்குப் போய், ஒரு பழைய காருக்கு விலை முடித்து வெற்றிலை வாங்கி வந்துவிட்டார்.

* * *

"இன்னும் மூணு நாள்தான் கெடக்கு, ஜோதி" என்றான் அவள் கணவன் மாடசாமி, பைக்கைத் துடைத்தபடியே.

அவனுக்குக் கோவில்பட்டிப் பக்கம். போச்சம்பள்ளித் தொழிற்பேட்டைக்கு வேலை தேடி வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியும், ஊர்ப்பேச்சு மட்டும் அவனை விட்டுப் போகவில்லை.

"தெரியும்."

"தெரிஞ்சா மட்டும் போதுமா? ஒண்ணாந்தேதி நீ என்னத்துல போவ? எனக்கு ராயக்கோட்டையில அஞ்சு மணிக்குப் பஸ் வந்துரும். ஒன்னய ஓசூருல எறக்கி விட்டுட்டு நான் போச்சம்பள்ளிக்குப் பறந்தா போவேன்?"

"நீங்க பறக்க வேணாம். பாத்துட்டு முடிவு பண்ணலாம்னுதான சொல்றேன்."

"பார்க்கதெல்லாம் பார்த்துக்க. ஆனா அங்க போயி, ஒங்க கம்பெனியில செய்யித மாதிரி ஒவ்வொரு போல்டா தடவிக்கிட்டு நிக்காத. அவிய பெரிய ஆளுக. மாமாவுக்குச் சங்கடமாப் போயிரும்."

"பெரிய ஆளு வூட்டு போல்டுன்னா துரு புடிக்காதா?"

மாடசாமிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். "ஒன் வாய்க்குத்தான் மொதல்ல அந்தச் சிவப்புச் சீட்டக் கட்டணும்ட்டி."

அவன் கெட்டவன் அல்லன். கையில் கிடைப்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று வாழ்க்கை அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. இருபத்தோரு வயதில் ஒரு பையோடு ஊரை விட்டு வந்தவனுக்குக் காத்திருப்பதென்பது பணக்காரர்களின் பொழுதுபோக்காகத்தான் தோன்றும். அதை ஜோதிமணி அறிவாள். அறிந்திருந்ததால்தான் மேற்கொண்டு வாதாடாமல் பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

* * *

பெரிய வீட்டின் இரும்புக் கதவருகே ராமப்பன் வெளுத்த சட்டை அணிந்து காத்திருந்தார்.

நாற்பதாண்டுக் காலம் அந்த வீட்டு நிலத்தில் உழைத்தவர் அவர். கிரானைட் தொழிற்சாலையில் காவலாளியாகச் சேர்ந்து பதினொரு ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது அவருக்கு மாதச் சம்பளம், சீருடை, அடையாள அட்டை எல்லாம் உண்டு. ஆனாலும் அந்த வீட்டிலிருந்து கழிபவை மட்டும் நின்றபாடில்லை. கைப்பிடி வளைந்த சைக்கிள், படம் நடுங்கும் தொலைக்காட்சி, ஒரு கால் ஆடும் கட்டில் என்று ஒவ்வொன்றாக அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. ஒன்றாவது நல்ல நிலையில் வந்ததில்லை. உழைத்தவனுக்கு ஏதேனும் கொடுக்க வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம், தனக்கு உதவாததை மட்டுமே எடுத்துக் கொடுக்கத் தோன்றும் மனத்தை என்னவென்று சொல்வது? அதை வேறு தருமம் என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்தது.

இந்த முறை தருமம்கூட இல்லை. ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் ரூபாய் விலை.

"வாம்மா ஜோதி" என்று வெளியே வந்தார் சென்னகிருஷ்ணன். நாற்பத்தைந்து வயது. பசுமைக்குடில் போட்டு ரோஜா வளர்த்துப் பெங்களூருக்கு அனுப்புகிறவர். "உங்கப்பன் கேட்டான்னுதான் குடுக்கறேன். நேத்துகூட ராயக்கோட்டை ஆளு ஒருத்தன் ரெண்டுக்குக் கேட்டான். இல்ல, இது நம்ம ராமப்பனுக்குன்னு வெச்சிருக்கேன்னு சொல்லிட்டேன்."

"பாக்கலாமா, சார்?" என்றாள் ஜோதிமணி.

அவருடைய புருவம் ஒரு கணம் உயர்ந்தது. அந்த ஊரில் அவரைச் 'சின்னய்யா' என்றுதான் அழைப்பார்கள். தொழிற்சாலையில் மேலாளர் முதல் பாதுகாவலர் வரை எல்லோரையும் ஜோதிமணி 'சார்' என்றே அழைத்துப் பழகியவள். மரியாதையில் குறை சொல்ல முடியாத சொல். ஆனால் எல்லோருக்கும் பொதுவான சொல். அதுதான் அவரை உறுத்தியது.

"பாரு, பாரு. என் மச்சினன் பெங்களூருல வெச்சிருந்த வண்டி. பூ மாதிரி வெச்சிருந்தான்."

வெள்ளி நிறத்துச் சிறிய கார் வேப்பமரத்தடியில் நின்றது. புதிதாகக் கழுவிய பளபளப்பு. கே.ஏ. என்று தொடங்கும் கர்நாடக எண்.

"நம்பர் மாத்தறதுக்கு அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கிட்டீங்களா, சார்?"

"அது எதுக்கு இப்ப? பாதி ஓசூரு கே.ஏ. நம்பர்லதான் ஓடுது. உன்னைய மட்டும் யாரு புடிக்கப் போறா?"

"இங்க மறுபடியும் ரோடு டாக்ஸ் கட்டணுமே."

"கட்டிக்கலாம்மா, மெதுவா" என்றார் ராமப்பன் அவசரமாக.

ஜோதிமணி கதவைத் திறந்தாள். உள்ளே மல்லிகை வாசனைத் திரவியம் குப்பென்று அடித்தது. ஆறு ஆண்டு ஓடிய வண்டிக்கு இத்தனை வாசனை எதற்கு என்ற ஐயம் அவளுக்கு அங்கேயே எழுந்தது. கால்மிதிக்குக் கீழே விரல்களால் தடவினாள். தரைவிரிப்பு புத்தம் புதிது. அதன் ஓரத்தைச் சற்றே தூக்கிக் கைப்பேசி விளக்கை அடித்தாள். இருக்கையைத் தாங்கும் தண்டவாளம் செம்மண் நிறத்தில் துருவேறியிருந்தது. போல்ட்டுகளின் தலையிலும் துரு.

"ஏ ஜோதி" என்று மாடசாமி மெல்லிய குரலில் எச்சரித்தான்.

அவள் காதில் அது விழவில்லை. ஓட்டுநர் இருக்கையின் சீட் பெல்ட் பட்டையைப் பற்றி இழுத்தாள். வழக்கமாக மார்பைச் சுற்றி மாட்டுகிற அளவுக்குத்தான் எல்லோரும் இழுப்பார்கள். அவளோ அது முடியும்வரை இழுத்தாள். கூட்டுக்குள் எப்போதும் சுருண்டு கிடக்கும் கடைசிப் பகுதி வெளியே வந்தது. கறுப்புப் பட்டையின் குறுக்கே பழுப்பு நிறத்தில் ஒரு கோடு, அதற்குக் கீழே காய்ந்த சேறு.

வண்டியைக் கழுவுகிறவர்கள் கண்ணாடியைக் கழுவுவார்கள், விரிப்பை மாற்றுவார்கள், வாசனை தெளிப்பார்கள். பட்டையின் அடியை இழுத்துக் கழுவ வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

"ரிஜெக்ட்" என்றாள் ஜோதிமணி.

வேண்டுமென்றே சொல்லவில்லை. ஒன்பது ஆண்டுகள் நாள்தோறும் நூறு தடவை சொன்ன வார்த்தை தானாக வந்து விழுந்தது. ஆனால் அது ஞாயிற்றுக்கிழமைக் காலை, இரும்புக் கதவு திறந்திருந்தது, தெருவில் நால்வர் நின்றிருந்தார்கள்.

"என்ன சொன்ன?" என்றார் சென்னகிருஷ்ணன்.

"இது தண்ணிக்குள்ள நின்ன வண்டி, சார். இந்தக் கோட்டப் பாருங்க. தண்ணி சீட்டு மட்டத்துக்கு ஏறியிருக்கு. பெங்களூருல அடுக்குமாடிக்குக் கீழ நிறுத்தியிருப்பாங்க. மழையில முழுகியிருக்கு."

"யாரு சொன்னா? நீ மெக்கானிக்கா?"

"மெக்கானிக் இல்ல. வர்ற பொருள் நல்லதா கெட்டதான்னு பாக்கறவ."

"சின்னய்யா, அது சின்னப் புள்ள, தெரியாம…" என்று ராமப்பன் குறுக்கே வந்தார்.

"சும்னிரு, ராமப்பா" என்று, சும்மா இருக்கும்படி கன்னடத்தில் அதட்டிவிட்டு, சென்னகிருஷ்ணன் ஜோதிமணியின் பக்கம் திரும்பினார். "எங்க வூட்டுப் பொருளை எங்க வாசல்லயே நின்னு கொடஞ்சு பாக்கறியா? உங்கப்பன் என் கையில வெத்தலை வாங்கியிருக்கான். வெத்தலை மாறுனா விலை முடிஞ்சது. மாட்டுக்கும் இந்த ஊருல அதான் சட்டம், மண்ணுக்கும் அதான் சட்டம்."

அவர் சொன்னதில் பொய்யில்லை. அந்த ஊரில் எழுத்தும் கையொப்பமும் பிறகுதான் வரும். விற்பவர் கையிலிருந்து வாங்குபவர் கைக்கு வெற்றிலைபாக்கு மாறிவிட்டால் பேச்சு முடிந்தது என்று பொருள். முறிப்பவன் ஊர்ச் சபையில் இரட்டைக் கட்டு வெற்றிலை வைத்துத் தலைகுனிய வேண்டும்.

"மாடு வாங்கறவன் பல்லைப் புடிச்சுப் பாத்துட்டுத்தான சார் வெத்தலை வாங்குவான்?" என்று கேட்டாள் ஜோதிமணி. "எங்கப்பா வண்டியவே பாக்காம வாங்கிட்டு வந்துட்டாரு. நீங்க குடுக்கறதப் பாக்கக் கூடாதுன்னு பழகிட்டாரு. அது அவரு தப்பு. ஆனா இந்த வண்டிக்கு லோன் என் பேர்ல. பதிவு என் பேர்ல. ஓட்டப்போறது நான். என் கை வெத்தலை வாங்கல."

தெருவில் யாரோ செருமினார்கள்.

ராமப்பனின் முகம் கறுத்தது. நால்வருக்கு நடுவே மகள் தம்முடைய தவற்றைச் சொல்லிவிட்டாள் என்பது அவருக்கு வண்டியைவிடப் பெரிய வலி. ஜோதிமணிக்கும் அது தெரிந்தது. தெரிந்தும் அவள் சொல்லைத் திருப்பி எடுக்கவில்லை.

சென்னகிருஷ்ணன் குரலை இறக்கினார். "சரி, விடு. நமக்குள்ள எதுக்கு. ஒண்ணு நாப்பதுக்கு எடுத்துக்க. இந்த விலைக்குக் கார் எங்கயும் கெடைக்காது. ஒண்ணாந்தேதிக்கு உனக்கு வண்டி ஓணுமே. ஓணுமா, ஓணாமா?"

ஐம்பதாயிரம் ஒரே மூச்சில் குறைந்தது. மாடசாமி மனைவியின் முழங்கையைத் தொட்டான்.

"எடுத்துக்கிடுவோம் ஜோதி" என்றான் காதருகே. "அந்த அம்பதாயிரத்துல துருவெல்லாம் சரி பண்ணிக்கிடலாம். வேலை போயிட்டா அது திரும்பி வருமா?"

நியாயமான கேள்வி. ஜோதிமணியின் நெஞ்சில் அது ஆணியாக இறங்கியது. வேலை போனால் முப்பத்தாறு வயதில் இன்னொரு தொழிற்சாலை வாசலில் இருபது வயதுப் பெண்களோடு வரிசையில் நிற்க வேண்டும். ஆனால் கணவன் மறந்துவிட்ட ஒன்று அவளுக்கு நினைவிருந்தது. தண்ணீர் புகுந்த வண்டியின் மின்கம்பிகள் உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டிருக்கும். எந்த நாளில், எந்த வளைவில் அது நின்றுபோகும் என்று யாராலும் சொல்ல முடியாது. விடியாத இருட்டில், லாரிகள் விரையும் சாலையில், மூன்று பெண்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அதை ஓட்டப்போகிறவள் அவள்.

"நாப்பதாயிரத்துக்குக் குடுத்தாலும் வேணாம், சார். மத்திகிரியில தங்கமணியம்மா வண்டி இருபதாம் தேதி வருது. நான் காத்திருந்துக்கறேன்."

"அப்ப சபையில வெத்தலை வெப்பியா?"

"குறைய மறைச்சு வித்தவங்க வெக்கணுமா, கண்டுபுடிச்சவ வெக்கணுமா? சபையே சொல்லட்டும்."

சென்னகிருஷ்ணன் வண்டிக்குள் குனிந்தார். இழுத்து விடப்பட்டிருந்த இருக்கைப்பட்டையைத் தாமே கையால் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். அந்தச் செயலைத் தெருவில் நின்றிருந்த நால்வரும் பார்த்தார்கள்.

* * *

மதியச் சாப்பாட்டுக்கு மூவரும் உட்கார்ந்தார்கள்.

ராமப்பன் அவரைக்காய்க் குழம்பில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குப் போகவில்லை. மாடசாமி இரண்டு முறை தண்ணீர் குடித்தான்.

"என்னைய நாலு பேரு முன்னால…" என்று ராமப்பன் தொடங்கினார்.

"தப்புதான்பா. அத உங்ககிட்டத் தனியா சொல்லியிருக்கணும்."

"தனியா சொன்னா மட்டும் கேட்டிருப்பனா?" என்றார் அவரே. பிறகு தட்டைச் சற்றுத் தள்ளிவைத்தார். "ஏம்மா, தண்ணி பூந்தது அவருக்குத் தெரிஞ்சிருக்குமா? மச்சினன் சொல்லாம வுட்டிருக்கலாமில்ல?"

ஜோதிமணி சற்று யோசித்தாள். பொய் சொல்லியிருந்தால் அப்பாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நம்ம கெலமங்கலத்துல காருக்கு சீட் கவர் தைக்கற கடையிலதான்பா அந்தத் தரைவிரிப்ப மாத்தியிருக்காங்க. கடைப்பேரு போட்ட ஸ்டிக்கர் விரிப்புக்கு அடியிலயே இருந்துச்சு."

ராமப்பன் தலையை ஆட்டினார். ஒரு முறை, மெதுவாக.

"எனக்குன்னு வெச்சிருந்தேன்னாரு" என்றார். கையை உதறிவிட்டு எழுந்து, கழுவப் போய்விட்டார்.

மூன்று மணிக்குத் தோழியர் மூவரும் வந்தார்கள். முதலில் நுழைந்தவள் ஹரிணி. இருபத்துமூன்று வயது, பேச்சுக்குப் பஞ்சமில்லாதவள்.

"என்னாக்கா, ஊரே சிரிக்குது. பெரிய வூட்டு வாசல்ல ஸ்டோர்ஸ் செக்கிங் பண்ணீங்களாமே."

"சிரிக்கறாங்களா, திட்டறாங்களா?"

"ஆம்பளைங்க திட்டறாங்க. பொம்பளைங்க சிரிக்கறாங்க."

மாடசாமி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தான். "நான் ரெண்டுலயும் சேத்தியில்ல, தங்கச்சி."

இருபதாம் தேதி வரை எப்படிப் போவது என்பதுதான் பேச்சு. மோகன்குமாரின் ஆட்டோவைக் கேட்டிருந்தார்கள். போகவும் வரவும் எழுநூறு ரூபாய். நால்வருக்கும் பிரித்தால் தலைக்கு நூற்று எழுபத்தைந்து. நாள் சம்பளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். முன்பே ஒரு முறை பேசி, கட்டாது என்று தள்ளிவைத்த யோசனைதான் அது.

"எனக்காக நீங்க மூணு பேரும் நஷ்டப்பட வேணாம்" என்றாள் ஜோதிமணி. "அந்த வண்டிய எடுத்திருந்தா உங்களுக்கு இந்தச் செலவு இல்ல. வேணாம்னது என் முடிவு."

"எடுத்திருந்தா பின்சீட்டுல உக்காரப்போறது நாங்கதானக்கா" என்றாள் ஹரிணி. "தண்ணியில முங்குன வண்டியில போயி நட்டநடு ரோட்டுல நிக்கறதுக்கு, ஆட்டோவுல குளுருல நடுங்கிக்கினே போறோம். மூணு வாரம் பிரியாணியும் இல்ல, புதுச் சுடிதாரும் இல்ல. அவ்வளவுதான். ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க?"

மற்ற இருவரும் தலையசைத்தார்கள். ஒருத்தி மட்டும், வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன் என்றாள். ஹரிணி அவளைப் பார்த்த பார்வையில், கேட்கத் தேவையில்லை என்று உடனே திருத்திக்கொண்டாள்.

பேசி முடிக்க மோகன்குமாரையே வரச்சொல்லியிருந்தார்கள். ஆட்டோ வந்து வாசலில் நின்றது. விடியற்காலை நாலே முக்காலுக்குக் கிளம்புவது, ஞாயிறு விடுப்பு, முன்பணம் கிடையாது என்று எல்லாம் பேசி ஒப்பாயிற்று. ஒரு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியதுபோல ஜோதிமணி மூச்சு விட்டாள்.

அப்போதுதான் கைப்பேசி அடித்தது. தங்கமணி அம்மாள்.

"ஜோதிமணி, நான் பேசறது உனக்குக் கேக்குதா? இரு, நான் சமையக்கட்டுக்கு வந்துட்டேன். உங்க ஊர்க்காரர் ஒருத்தர் என் வீட்டுக் கூடத்துல உக்காந்திருக்கார். சென்னகிருஷ்ணன்னு பேர் சொல்றார்."

ஜோதிமணியின் கை, கைப்பேசியின் ஒலிபெருக்கியைத் தானே அழுத்தியது. அறையிலிருந்த எல்லோரும் நெருங்கி வந்தார்கள்.

"என்னம்மா கேக்கறாரு?"

"என் வண்டியத்தான். நீ சொன்ன விலைக்கு மேல முப்பதாயிரம் தரேங்கறார். பேங்க் லெட்டர் வராட்டியும் பரவாயில்லையாம். பேப்பர்ல எழுதி வாங்கிட்டு இன்னைக்கே எடுத்துட்டுப் போறாராம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உனக்குச் சொல்லிட்டேன்னுதான் சொன்னேன். முப்பதாயிரத்துக்காகப் பேச்சு மாறுற ஆள் இல்ல நான். ஆனா நீயே அவர் வீட்டு வண்டிய முடிச்சிட்டேன்னு சொல்றார். உங்கப்பா வெத்தலையே வாங்கிட்டாராம். ரெண்டு பக்கமும் வாக்குக் குடுத்து என்னைய ஏமாத்தறியாம். அது நிஜமா?"

மாடசாமியின் முகம் சிவந்தது. "தண்ணியில முங்குன வண்டியத் தலையில கட்டப் பாத்துட்டு, இப்பம் அந்தாளு என்ன…" என்று எழுந்தவனை ஜோதிமணி கையமர்த்தினாள்.

மத்திகிரி வண்டியைப் பற்றிக் காலையில் தானே வாய்விட்டுச் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. கோபத்தில் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். அந்த மனிதருக்கு வெள்ளைக் கார் தேவையில்லை. அவளுக்கு அது கிடைக்கக் கூடாது, அவ்வளவே. இருபதாம் தேதிக்குப் பிறகும் அவள் காத்துக்கொண்டே இருக்க வேண்டும்; காத்திருந்து காத்திருந்து, கடைசியில் வேப்பமரத்தடிக்கே திரும்பி வர வேண்டும்.

"நிஜமில்லம்மா" என்றாள். "எங்கப்பா வெத்தலை வாங்கினது உண்மை. அந்த வண்டிய நான் வேணாம்னதும் உண்மை. ஏன் வேணாம்னேன்னு அவரு முன்னாலயே வந்து சொல்றேன். அதுவரைக்கும் சாவிய யார் கையிலயும் குடுக்காதீங்க."

"முக்கால் மணி நேரம் பாப்பேன். அதுக்குள்ள வா. அவர் எழுந்திருக்கிற மாதிரி தெரியல. காப்பி குடுத்தேன், குடிச்சிட்டு இன்னும் வசதியா உக்காந்துட்டார்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

மோகன்குமார் ஆட்டோவின் சாவியை விரலில் சுழற்றியபடி, "ஒண்ணாந்தேதி வரைக்கும் எதுக்கு? இப்பவே ஏறுங்கக்கா" என்றான். ஹரிணி ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். மாடசாமி பைக்கை நோக்கி நடந்தான். எடுத்துக்கொள்வோம் என்று காலையில் சொன்னவன், இப்போது அவளுக்கு முன்னால் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"நீங்க வூட்டுலயே இருங்கப்பா" என்றாள் ஜோதிமணி. "உங்களுக்குச் சங்கடம். நாங்க பேசிக்கறோம்."

ராமப்பன் ஆணியில் தொங்கிய காவலாளிச் சீருடைச் சட்டையை எடுத்தார். வெளுத்த சட்டையைக் கழற்றிவிட்டு அதை அணிந்தார். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார், அவசரப்படவில்லை.

"வெத்தலை வாங்கினது யாரு? நானு. வேணாம்னு சொல்ல வேண்டியவனும் நான்தான்" என்றார். பிறகு, "அவுரு உக்காந்திருக்காருன்னு சொன்னாங்கல்ல, அந்தம்மா?" என்று கேட்டார்.

"ஆமாம்பா."

"ஏழு வயசுல அந்த வூட்டு ஆட்ட ஓட்டப் போனவன் நானு. அன்னைலருந்து இன்னைக்கு வரைக்கும் அவுங்க உக்காந்திருந்தா நான் நின்னுதான் பேசியிருக்கேன்." அவர் ஆட்டோவுக்குள் ஏறி அமர்ந்தார். மகள் கையிலிருந்த கைப்பேசியைச் சுட்டிக்காட்டினார். "அந்தம்மாவுக்குத் திரும்பப் போனப் போடும்மா. கூடத்துல இன்னொரு நாற்காலி இருக்குதான்னு கேளு. இல்லைன்னா, போடச் சொல்லு."